சாதா காரில் வந்து "போலீஸ்" என்று நிறுத்தினால்

"அக்கா, மஃப்டி போலீஸ் நம்ம ஓட்டுற மாதிரி சாதாரண வண்டியிலயும் வருவாங்களா?"

வேலைக்குப் புதிதாகச் சேருகிற பிள்ளைகள் முதல் வாரமே இதைக் கேட்டுவிடுவார்கள். பதினேழு வருடம் இராத்திரி டாக்சி ஓட்டினேன். முட்டி ஒத்துழைக்காமல் போன பிறகு ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, இராத்திரி வண்டி எடுக்கப் போகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு வந்துவிட்டேன். எத்தனை பேர் கேட்டாலும் பதில் ஒன்றுதான். வருவார்கள், தாராளமாக வருவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஆபீசுக்கு எடுத்துப் போகிற மாதிரியான காரில், பைக்கில், சரக்கு வேனில்கூட வருவார்கள்.

உடனே அடுத்த கேள்வி வரும். "அப்போ எப்படிக்கா கண்டுபிடிக்கிறது?" வண்டியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, அந்த வேலை நமக்குத் தேவையும் இல்லை. சாதா உடையில் ஒருவர் சாதா வண்டியில் வந்து நிறுத்தச் சொன்னால், அவர் நிஜ போலீஸாக இருந்தாலும் போலியாக இருந்தாலும் நமக்குச் சேதம் வராதபடி நடந்துகொள்வது எப்படி என்பதுதான் தெரிந்திருக்க வேண்டும். நான் சொல்லித் தருவது அதைத்தான்.

எந்த வண்டி எதற்கு

போலீஸ் எடுத்து வரும் சாதா வண்டியில் மூன்று வகை உண்டு. வித்தியாசம் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

முதலாவது, வெளியே எதுவும் எழுதாத ரோந்து கார். பார்க்கச் சாதாரணமாக இருக்கும். உள்ளே சைரன், வயர்லெஸ் எல்லாம் உண்டு. விளக்கை முன்பக்கக் கிரில்லுக்குள்ளேயோ கண்ணாடிக்குப் பின்னாலேயோ பதித்திருப்பார்கள். அணைந்திருக்கும்போது அங்கே விளக்கு இருப்பதே தெரியாது, போட்டார்கள் என்றால் கண் கூசும். சாலையில் நம்மை நிறுத்துவது பெரும்பாலும் இந்த வகைதான்.

இரண்டாவது, கண்காணிப்பு வண்டி. யாரையோ பின்தொடர, ஏதோ ஒரு வீட்டைக் கவனிக்க வந்தது. அந்த இடத்தில் நின்றால் யாரும் திரும்பிப் பார்க்காத வண்டி எதுவோ, அதைத்தான் கொண்டு வருவார்கள். மூன்றாவது, வேஷம் போட்டு ஒரு கூட்டத்துக்குள் போயிருக்கும் ஆளுடைய வண்டி. புரோக்கர் வேஷம் என்றால் புரோக்கர் ஓட்டுகிற மாதிரி கார், லோடு ஏற்றுபவர் வேஷம் என்றால் அடி வாங்கிய வேன். அது அவர் போட்டிருக்கும் சட்டை மாதிரி, வேஷத்தின் ஒரு பகுதி.

இது ஏதோ நேற்று வந்த உத்தி என்று நினைக்க வேண்டாம். லண்டன் போலீஸ் 1919ல் பன்னிரண்டு துப்பறிவாளர்களை வைத்து ஒரு நடமாடும் குழுவை ஆரம்பித்தபோது, அவர்களுக்குக் கிடைத்த வண்டி குதிரை இழுக்கும் கூண்டு வண்டி. மேலே போர்த்தியிருந்த கித்தான் துணியில் ஓட்டை போட்டு, அது வழியாக உள்ளிருந்தே தெருவை வேவு பார்த்தார்கள். அடுத்த வருடம் இரண்டு கிராஸ்லி மோட்டார் வண்டிகள் வந்து சேர்ந்தன. பின்னாளில் 'ஃப்ளையிங் ஸ்குவாட்' என்று பெயர் வாங்கிய படை இதுதான். அந்தக் கித்தான் ஓட்டையைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இன்றைக்கு வேனில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுகிறவர்கள் செய்வதும் அதே வேலைதானே!

சோவியத் நாட்டு உளவுத்துறை வேறு மாதிரி யோசித்தது. தெருவெல்லாம் ஓடுகிற வோல்கா காரின் உடம்பை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே ஐந்தரை லிட்டர், எட்டு சிலிண்டர் எஞ்சினை இறக்கிவிட்டார்கள். பார்த்தால் டாக்சி, ஆக்சிலரேட்டரை மிதித்தால் வேறு பிராணி. கிழக்கு ஜெர்மனியில் ஸ்டாசி என்ற ரகசியப் போலீஸ் கைதிகளை ஏற்றிப்போன பார்க்காஸ் வேனுக்கு வெளியே மீன், காய்கறி கொண்டுபோகும் வண்டி மாதிரி வேஷம், உள்ளே சன்னல் இல்லாத குட்டிக் குட்டி அறைகள். பக்கத்தில் சைக்கிளில் போனவர் மீன் வண்டி என்றுதான் நினைத்திருப்பார். இதை எல்லா வகுப்பிலும் சொல்வேன், எல்லா வகுப்பிலும் ஒரு நிமிடம் சத்தமே இருக்காது.

சரி, நம் விஷயத்துக்கு வருவோம். இரண்டாவது, மூன்றாவது வகை வண்டிக்காரர் சிக்னலைத் தாண்டினாய் என்று சொல்லி உங்களை நிறுத்த மாட்டார். நிறுத்தினால் அவருடைய வேஷம் கலைந்துவிடும், மாதக்கணக்கில் செய்த வேலை பாழ். நிறுத்துகிறவரிடம் பெரும்பாலும் விளக்கும் சைரனும் இருக்கும். இரண்டுமே இல்லாத ஒரு கார் உரசுகிற மாதிரி பக்கத்தில் வந்து, சன்னல் வழியாக ஒருவர் கையை ஆட்டி "ஓரங்கட்டு" என்று கத்துகிறார் என்றால், அது போலி என்று அப்போதே முடிவு கட்ட வேண்டாம். ஆனால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

வண்டியில் அத்தாட்சி தேடாதீர்கள்

எங்கள் பையன்கள் குறிப்பு வைத்திருப்பார்கள். கூடுதல் ஏரியல் இருந்தால் போலீஸ், கண்ணாடி கறுப்பாக இருந்தால் போலீஸ், வீல் கப் இல்லாமல் வெறும் இரும்புச் சக்கரம் ஓடினால் போலீஸ், காருக்குள்ளே பொம்மையோ குப்பையோ இல்லாமல் சுத்தமாக இருந்தால் போலீஸ். ஒருநாள் அந்தக் குறிப்பை வாங்கிக்கொண்டு எங்கள் ஷெட்டில் நின்ற வண்டிகளைச் சுற்றி வந்தேன். நான்கு டாக்சி போலீஸ் ஆகிவிட்டன.

அமெரிக்காவில் ஃபோர்டு கிரவுன் விக்டோரியா என்று ஒரு கார் இருந்தது. எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் போலீஸ் கார் என்று ஜனங்களுக்கு மனப்பாடம். பெயர் எழுதாமல் மஃப்டிக்கும் அதையே ஓட்டினார்கள். 2011ல் அந்த மாடலைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் சர்வீஸ் முடிந்த போலீஸ் கார்கள் ஏலத்துக்கு வரும், நிறைய டாக்சிக்காரர்கள் வாங்குவார்கள், யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அப்படியானால் இராத்திரியில் உங்களுக்குப் பின்னால் வரும் அந்தப் 'போலீஸ் காரில்' இருப்பது யார்?

இதற்கு நேர் எதிராகவும் ஒன்று நடந்தது. 1974 நவம்பரில், அமெரிக்காவின் சால்ட் லேக் நகருக்குப் பக்கத்தில் ஒரு வணிக வளாகம். டெட் பண்டி என்ற கொலைகாரன் ஓர் இளம்பெண்ணிடம் போய், தான் போலீஸ் என்றும், அவளுடைய காரை யாரோ உடைக்கப் பார்த்தார்கள் என்றும், ஸ்டேஷனுக்கு வந்து புகார் தர வேண்டும் என்றும் சொன்னான். கூட்டிக்கொண்டு போனது ஃபோக்ஸ்வேகன் பீட்டில் என்ற சின்னக் காருக்கு. போலீஸ்காரருக்கு பீட்டிலா என்று அவளுக்கும் சந்தேகம் வந்தது. அத்தாட்சி கேட்டாள். ஏதோ ஒரு பேட்ஜைச் சட்டென்று காட்டினான், ஏறிவிட்டாள். கார் ஸ்டேஷன் இருக்கிற பக்கம் போகவில்லை. விலங்கு மாட்ட வந்தபோது அவள் போராடியதில், அவன் இரண்டு வளையத்தையும் ஒரே மணிக்கட்டில் மாட்டிவிட்டான். இன்னொரு கை சும்மா இருந்ததால் கதவைத் திறந்து வெளியே விழுந்து தப்பித்தாள். அவளுக்குச் சந்தேகம் வந்ததை, அத்தாட்சி கேட்டதை, அது ஒரு நொடியில் தீர்த்து வைக்கப்பட்டதைப் பாருங்கள். நான் அழுத்திச் சொல்ல நினைப்பது அந்த ஒரு நொடியைத்தான்.

நீல விளக்கு? இணையத்தில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வந்துவிடுகிறது. ஸ்டிக்கர் இன்னும் சுலபம். நம்பர் பிளேட்டைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். ஆனால் அதையும் அத்தாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நிறுத்தச் சொன்ன அந்த நிமிடம்

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். இராத்திரி இரண்டு மணி தாண்டியிருக்கும். பின்சீட்டில் ஒரு பெரியவர் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். புறவழிச்சாலை, இரண்டு பக்கமும் கும்மிருட்டு. சாம்பல் நிற கார் ஒன்று பின்னால் நெருங்கி வந்து ஹெட்லைட்டை அடித்து அடித்துக் காட்டியது. முந்தப் பார்க்கிறார் என்று ஒதுங்கினேன், முந்தவில்லை. பிறகு அதன் டாஷ்போர்டில் ஒரு சின்ன நீல விளக்கு எரிந்தது. எழுத்து இல்லை, சைரன் இல்லை. வயிற்றில் என்னவோ புரண்டது.

முதலில் வேகத்தைக் குறைத்து நாற்பதுக்கு வந்தேன். நான்கு இண்டிகேட்டரும் ஒன்றாக எரிகிற ஹசார்டு சுவிட்சைத் தட்டினேன். உள் விளக்கைப் போட்டு, வலது கையைச் சன்னலுக்கு வெளியே நீட்டி முன்னால் காட்டினேன். பின்னால் வருகிறவருக்கு அதன் அர்த்தம், "பார்த்துவிட்டேன், ஓடப் போவதில்லை, முன்னால் போய் நிறுத்துகிறேன்." இதை விட்டுவிட்டு ஆக்சிலரேட்டரை அழுத்தினீர்கள் என்றால், அவர் நிஜ போலீஸாக இருக்கும் பட்சத்தில் தப்பி ஓடும் வண்டி ஆகிவிடுகிறீர்கள். அப்புறம் நடப்பது எதுவும் உங்கள் கையில் இல்லை.

அடுத்து, ஸ்டாண்டில் இருந்த போனில் அவசர எண். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் 112, இலங்கையில் 119, பிரிட்டன், மலேசியா, சிங்கப்பூரில் 999, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நான் சொன்னது இவ்வளவுதான்: "டாக்சி டிரைவர் பேசுகிறேன். பெண். இந்தச் சாலையில் இந்தத் திசையில் போய்க்கொண்டிருக்கிறேன். சாம்பல் நிற கார் ஒன்று நீல விளக்குப் போட்டு நிறுத்தச் சொல்கிறது. வண்டியில் போலீஸ் என்று எழுதவில்லை. உங்கள் வண்டியா என்று பார்த்துச் சொல்லுங்கள். வெளிச்சம் இருக்கிற இடத்தில் நிறுத்தப் போகிறேன்." பயத்தில் கதை வளரும். வளர விடாதீர்கள். யார், எங்கே, எந்தத் திசை, என்ன வண்டி, என்ன செய்யப் போகிறேன். இந்த ஐந்தும் போதும். இதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்கச் சொல்வேன். பதற்றத்தில் சொந்தப் பெயரே மறந்துபோகும்.

இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு பெட்ரோல் பங்க். கேமரா இருக்கிறது, மஞ்சள் விளக்கு இருக்கிறது, நாற்காலியில் தூங்குகிற பையன் ஒருவன் இருக்கிறான். அங்கே நிறுத்தினேன். கதவுப் பூட்டு போட்டபடியே இருந்தது. கண்ணாடியை இரண்டு விரல் அகலம் மட்டும் இறக்கினேன். இரண்டு கையும் ஸ்டியரிங் மேலே. உள் விளக்கை அணைக்கவில்லை, ஏனென்றால் வருகிறவருக்கும் இருட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்ற பயம் இருக்கும். இதை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை.

வந்தவர் ஜீன்ஸ், கட்டம் போட்ட சட்டை. "ஏம்மா, சொன்ன உடனே நிறுத்த மாட்டியா?" என்றார்.

"சார், இருட்டுல பயமா இருந்தது. கன்ட்ரோல் ரூமுக்குப் பேசிட்டிருக்கேன். லைன்லதான் இருக்காங்க. உங்க கார்டைக் கொஞ்சம் கண்ணாடிகிட்ட காட்டுங்க சார்."

முகம் சுருங்கியது. ஆனாலும் காட்டினார். பெயரையும் எந்த ஸ்டேஷன் என்பதையும் போனில் வாசித்தேன். அந்தப் பக்கம் இருந்த பெண்மணி கொஞ்ச நேரம் நிற்கச் சொல்லிவிட்டு, "எங்க டீம்தான்மா, பேசுங்க" என்றார். என் வண்டியைப் போலவே நிறமும் மாடலும் உள்ள ஒரு டாக்சியைத் தேடிக்கொண்டிருந்தார்களாம். டிக்கியைத் திறந்து காட்டினேன், பெரியவரின் இரண்டு சூட்கேஸ். ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார். போகும்போது, "நீ செஞ்சதுதான் சரி, என் தங்கச்சிக்கும் இதையேதான் சொல்லியிருக்கேன்" என்றார். முதலில் கத்தினவரும் அவரேதான்! பெரியவர் கடைசி வரை எழுந்திருக்கவில்லை.

பயணி விழித்திருந்தால் முதல் வேலையாக அவரிடம் நடப்பதைச் சொல்லிவிடுங்கள். அவரையே போன் பேச வைக்கலாம், உங்கள் கவனம் சாலையில் இருக்கும்.

கார்டை எப்படிப் பார்ப்பது

பெரும்பாலானவர்கள் ஏமாறும் இடம் இதுதான். எங்களிடம் வேலை பார்க்கும் ஒரு தம்பியை இரண்டு பேர் நிறுத்தினார்கள். ஒருவன் பர்ஸைத் திறந்து மூடினான். "கார்டு பார்த்தியாடா?" என்று கேட்டேன். "பார்த்தேன்க்கா" என்றான். "என்ன பேரு?" தெரியவில்லை. "போட்டோ இருந்ததா?" இருந்த மாதிரி இருந்ததாம். "அந்த ஆளோட போட்டோவா?" கட்டைவிரல் மறைத்துக்கொண்டிருந்ததாம். அவன் பார்த்தது ஒரு பர்ஸ், ஒரு கட்டைவிரல், அதற்கு நடுவே ஏதோ ஒரு சிங்க முத்திரை. அன்றைய வசூலும் போனும் போயிற்று.

ஆகவே கார்டைக் கண்ணாடிக்கு வெளியே அசையாமல் பிடிக்கச் சொல்லுங்கள். கையை நீட்டிப் பிடுங்கப் போக வேண்டாம், தகராறு அங்கேதான் ஆரம்பிக்கும். முதலில் போட்டோ, பிறகு எதிரில் இருக்கும் முகம், பிறகு மறுபடியும் போட்டோ. பெயர், பதவி, எண், எந்த நிலையம் அல்லது பிரிவு என்பதை வாய்விட்டு வாசியுங்கள். வாய்விட்டு வாசித்தால் இரண்டு லாபம்: போனில் இருப்பவர் குறித்துக்கொள்வார், உங்களுக்கும் அவசரம் அடங்கும். நிஜமான ஆள் கொஞ்சம் எரிச்சலோடு நிற்பார். போலி ஆள் உங்களை அவசரப்படுத்துவான், அதட்டுவான், "இந்த நம்பருக்கு வேணா அடிச்சுக் கேளு" என்று ஓர் எண்ணைத் தருவான். அவன் தரும் எண்ணுக்கு ஒருநாளும் அடிக்காதீர்கள். அந்தப் பக்கம் எடுப்பது அவனுடைய கூட்டாளியாக இருக்கும். உங்களுக்குத் தெரிந்த அவசர எண்ணை உங்கள் விரலால் அழுத்துங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கார்டு அசலாகவே இருக்கலாம். 2021 மார்ச்சில் லண்டனில் நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணை, அந்த ஊர்ப் போலீஸில் அப்போது பணியில் இருந்த ஒருவன் தன் உண்மையான அட்டையைக் காட்டி, விலங்கு மாட்டி, வாடகைக்கு எடுத்த சாதா காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கொன்றான். சாகும்வரை சிறை என்று தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பை ஒட்டி, சந்தேகம் வந்தால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள், போகிற பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்துங்கள் என்று லண்டன் போலீஸ் சொன்னபோது ஜனங்கள் கொதித்துவிட்டார்கள். கோபம் நியாயம்தான், தப்பு செய்தது அவர்கள் ஆள், ஓட வேண்டியது நாமா? பிறகு அந்த அக்டோபரில் வேறு ஏற்பாடு வந்தது. தனியாக வரும் மஃப்டி அதிகாரி ஒரு பெண்ணிடம் பேச நேர்ந்தால், அவரே கன்ட்ரோல் ரூமுக்கு வீடியோ அழைப்பு போட்டு, சீருடையில் இருக்கும் மேலதிகாரியிடம் அவளைப் பேச வைக்க வேண்டும். இது உருப்படியான யோசனை. அந்த நாட்டில் இல்லாதவர்களும் இதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கார்டு, அந்த ஆள் யார் என்று மட்டும்தான் சொல்லும். அவர் இந்த நேரத்தில் இந்த வேலைக்காகத்தான் அனுப்பப்பட்டாரா என்று கன்ட்ரோல் ரூம்தான் சொல்ல முடியும்.

அவர்கள் வண்டியில் ஏறச் சொன்னால்

சும்மா விசாரிக்க வேண்டும், ஸ்டேஷன் வரைக்கும் வா என்று சாதா காரில் ஏறச் சொன்னால், மரியாதையாகவே மறுத்துப் பாருங்கள். "என் வண்டியிலேயே பின்னாடி வர்றேன் சார்" அல்லது "யூனிஃபார்ம்ல யாரையாவது வரச் சொல்லுங்க சார், காத்திருக்கேன்." நிஜ போலீஸுக்கு இன்னொரு வண்டியைக் கூப்பிடுவது வயர்லெஸ்ஸில் ஒரு வார்த்தை. போலிக்கு அது நடக்காத காரியம், அதனால் அங்கேயே சூடு ஏறும்.

கைது செய்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள், ஆள் நிஜம் என்பதும் உறுதியாகிவிட்டது என்றால் மல்லுக்கட்ட வேண்டாம். என்ன காரணம், எந்த நிலையம் என்று கேளுங்கள், வீட்டுக்குத் தகவல் போக வேண்டும் என்று சொல்லுங்கள். இந்தியாவில் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையெல்லாம் விதியாகவே வைத்தது. கைது செய்கிறவர் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரிகிற அடையாளத்தோடு இருக்க வேண்டும், நேரமும் தேதியும் போட்ட குறிப்பில் சாட்சி கையெழுத்து வேண்டும், சொந்தத்தில் ஒருவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். சாதா உடையில் வந்திருந்தாலும் இது பொருந்தும்.

வழியிலேயே ரசீது இல்லாமல் பணம் கேட்டாலோ, போன் பூட்டைத் திறக்கச் சொல்லி வங்கிச் செயலிக்குள் நுழையப் பார்த்தாலோ, வேறு யோசனையே வேண்டாம். போனில் இருப்பவருக்குக் கேட்கும்படி சத்தமாக அதைத் திருப்பிச் சொல்லுங்கள்.

சட்டம் ஊருக்கு ஊர்

ஓடும் வண்டியை மஃப்டி போலீஸ் நிறுத்தலாமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் 1988ஆம் வருடச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 163வது பிரிவு, சீருடையில் இருக்கும் காவலர் நிறுத்தச் சொன்னால்தான் நிறுத்தியாக வேண்டும் என்கிறது. காரில் எழுத்து இல்லாமல் இருக்கலாம், இறங்கி வருகிறவர் உடம்பில் சீருடை வேண்டும். இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 130வது பிரிவிலும், லைசென்ஸைக் காட்டு என்று கேட்க உரிமையுள்ள போலீஸ் அதிகாரி 'சீருடையில்' என்றுதான் இருக்கிறது. குற்ற வழக்கில் தேடி வருகிற மஃப்டி குழுவுக்கு வேறு அதிகாரங்கள் உண்டு, அதனால் 130ஐ மனப்பாடம் செய்துகொண்டு நடுராத்திரி சாலையில் வாதாடாதீர்கள்.

அமெரிக்காவில் ஒரு வேடிக்கையான வழக்கு. 1993ல் வாஷிங்டனில், எழுத்தில்லாத காரில் போன மஃப்டி போலீஸார், ஒரு பாத்ஃபைண்டர் வண்டி நிறுத்தக் கோட்டில் இருபது வினாடிக்கு மேல் நின்றதையும் இண்டிகேட்டர் போடாமல் திரும்பியதையும் பார்த்து மடக்கினார்கள். உள்ளே போதைப்பொருள். ஆனால் அந்த நகரப் போலீஸின் சொந்த விதியே, மற்றவர் உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் ஒழிய, மஃப்டி ஆட்கள் எழுத்தில்லாத வண்டியில் போய்ப் போக்குவரத்துக் குற்றம் பிடிக்கக் கூடாது என்று இருந்தது. 1996ல் உச்ச நீதிமன்றம், துறை விதி எப்படி இருந்தாலும் அரசியலமைப்புப்படி அது செல்லும் என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டது. ஆக, அவர்கள் புத்தகத்தில் தடை இருந்தாலும் நிறுத்தினது நிறுத்தினதுதான். நீங்கள் ஓட்டுகிற நாட்டில் எப்படி என்று பகலில், காபி குடிக்கிற நேரத்தில் ஒருமுறை விசாரித்து வையுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு கட்டுக்கதை: "நீங்க போலீஸா என்று நேராகக் கேட்டால் மறைக்கக் கூடாது, சட்டம் அப்படி." எவன் கிளப்பிவிட்டானோ! வேஷம் போட்டுப் போயிருப்பவர் இல்லை என்று தாராளமாகச் சொல்லலாம், சொல்லாவிட்டால் அந்த வேலையே நடக்காது. அதிகாரத்தைக் காட்டி உங்களை நிறுத்துகிறவர் விஷயம் வேறு. அவரிடம் அத்தாட்சி கேட்பதில் தப்பே இல்லை.

தெருவில் நிற்கிற வண்டி

சில சமயம் யாரும் நிறுத்த மாட்டார்கள். ஒரு கார் மூன்று நாளாக அதே மூலையில் நிற்கும், உள்ளே இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள், இறங்கவே மாட்டார்கள். எங்கள் பையன் ஒருவன் அதைப் படம் எடுத்து, நம்பர் பிளேட் தெரிய, டிரைவர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். "மஃப்டி வண்டி, உஷார்." போன் போட்டு அழிக்கச் சொன்னேன். என்னக்கா தப்பு என்றான். அவர்கள் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியுமா? ஒரு குழந்தையைக் கடத்தி வைத்திருப்பவனுக்காக இருக்கலாம். அந்தக் குழுவில் இருக்கிற இருநூறு பேரில் ஒருவன் அவனுக்கு மச்சானாக இருக்கலாம். அதே நேரம், அவர்கள் திருட வந்தவர்களாகவும் இருக்கலாம். பயமாக இருந்தால் கண்ணாடியைத் தட்டி விசாரிக்கப் போக வேண்டாம், படமும் வேண்டாம். அவசர எண்ணுக்கு அடித்து வண்டி நிற்கும் இடத்தைச் சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். போலீஸ் வண்டி என்றால் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். இல்லையென்றால் வந்து பார்ப்பார்கள்.

எல்லாம் முடிந்து கிளம்பிய பிறகு

அடுத்த வெளிச்சமான இடத்தில் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். கை நடுங்கிக்கொண்டிருக்கும், அதோடு ஓட்ட வேண்டாம். நேரம், இடம், வண்டி எண், கார்டில் வாசித்த பெயர், என்ன கேட்டார்கள், என்ன எடுத்தார்கள் எல்லாவற்றையும் போனில் குரலாகவே பதிந்து வையுங்கள். காலையில் நினைவு வேறு கதை சொல்லும். போலி என்று தோன்றினால், பணம் போகவில்லை என்றாலும் புகார் கொடுங்கள். அடுத்த டாக்சியை அதே ஆள் அதே இடத்தில் நிறுத்துவான்.

டாஷ்கேம், அதாவது ஓடும்போது சாலையைப் பதிவு செய்யும் கேமரா, வைத்திருப்பவர்கள் அன்று இரவே அதன் மெமரி கார்டை வெளியே எடுத்துவிடுங்கள். எங்கள் தம்பி மூன்று நாள் கழித்துத்தான் புகார் கொடுக்கப் போனான். அதற்குள் புதுப் பதிவு ஏறி, அந்த இரண்டு பேர் முகமும் அழிந்துபோயிருந்தது.